மலேசியா, பேராக் மாநிலச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் முதியோர் பராமரிப்பு இல்லம் தேடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ரப்பர்த் தோட்டம் இருந்த காலத்தில் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஒருவர் படுத்துவிட்டால் பக்கத்து வீட்டார் கஞ்சி கொடுப்பார்கள், தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் வந்து பார்ப்பார். இப்போது லயம் காலி. பெரியவர்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் தனியாக, பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும். யாராவது விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த அன்றுதான் இல்லம் தேடத் தொடங்குகிறார்கள். ஆஸ்பத்திரியில் "நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறோம்" என்று சொன்ன பிறகு தேடுவதால் கண்ணில் பட்ட முதல் இல்லத்தில் சேர்த்துவிடுகிறார்கள். நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

அப்பாவுக்கு மூக்கில் உணவு டியூப் போட்டிருக்கிறார்கள். எந்த இல்லத்திலும் சேர்க்கலாம்தானே?

சேர்த்துக்கொள்வதாகப் பல இல்லங்கள் சொல்லும். ஆனால் சட்டப்படி இங்கே இரண்டு வகை உண்டு.

நான்கு பேரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் எதுவானாலும் 1993-ஆம் ஆண்டு பராமரிப்பு நிலையச் சட்டத்தின்படி (சட்டம் 506) சமூகநல இலாகாவில் பதிவு செய்திருக்க வேண்டும். கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதுதான் விதி. சாப்பாடு, குளியல், உடை மாற்றுதல், துணைக்கு ஆள் என்று அன்றாடப் பராமரிப்புக்கான இடம் அது. நோய், காயம், தளர்ச்சி காரணமாகத் தாதியின் கவனிப்பு தேவைப்படுகிறவர்களை வைத்துப் பார்க்கும் நர்சிங் ஹோம் வேறு. அதற்கு 1998-ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள் சட்டத்தின்படி (சட்டம் 586) சுகாதார அமைச்சின் உரிமம் வேண்டும்.

டியூப் உணவு, சிறுநீர்க் குழாய், ஆழமான புண், தொண்டையில் துளையிட்டுச் சளி எடுப்பது, இதெல்லாம் தாதியின் வேலை. நடைமுறையில் 506-இல் மட்டும் பதிவான இல்லங்களும் டியூப் போட்டவர்களை எடுக்கின்றன. அங்கே சேர்ப்பதாக இருந்தால் ஒரே கேள்விதான்: டியூப் கழன்றுவிட்டால் யார் மறுபடி போடுவார்கள்? "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்" என்றால் அது நேர்மையான பதில். "நம்ம பையனே போட்டுவிடுவான்" என்றால் வேறு இடம் பாருங்கள். டியூப் தவறிப்போய் நுரையீரலுக்குள் இறங்கினால் அடுத்த வேளைப் பாலே உயிரை எடுத்துவிடும்.

முதியோருக்கான தனியார் சுகாதார இல்லங்களுக்கென்றே 2018-இல் இன்னொரு சட்டம் (சட்டம் 802) வந்தது. அரசிதழில் வந்த பிறகும் பல ஆண்டுகள் அது அமலாகாமலே கிடந்தது. எனவே முதலில் 506-ஆ 586-ஆ என்று கேளுங்கள்.

பதிவு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் சான்றிதழ் மாட்டியிருக்கும். தூரத்திலிருந்து பார்த்துத் தலையாட்டாதீர்கள், கிட்டப் போய்ப் படியுங்கள். முகவரி இந்த வீட்டு முகவரிதானா? சிலர் ஒரு வீட்டுக்குப் பதிவு வாங்கிக்கொண்டு அடுத்த வரிசையில் இன்னும் இரண்டு வீடு எடுத்து நடத்துவார்கள், உங்கள் அம்மா படுப்பது அந்தப் பதிவில்லாத வீடாக இருக்கும். காலாவதித் தேதி கடந்துவிட்டதா? எத்தனை பேருக்கு அனுமதி? பிறகு உள்ளே போய்க் கட்டில்களை எண்ணுங்கள்.

பதிவுக்கு தீயணைப்பு மீட்புத் துறை, அதாவது போம்பா, ஊராட்சி மன்றம், சுகாதார இலாகா மூன்றின் ஆதரவும் வேண்டும். நம் ஊருக்கு ஊராட்சி மன்றம் என்றால் கோலகங்சார் நகராண்மைக் கழகம். சந்தேகம் இருந்தால் கோலகங்சார் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இல்லத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு உங்களை யாரும் கோபிக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் நட்சத்திர மதிப்பெண் இருக்கிறது என்கிறான் தம்பி. இங்கே அப்படிப் பார்க்க முடியுமா?

முடியாது. அமெரிக்காவில் 2008 முதல் நர்சிங் ஹோம்களுக்கு ஒன்றிலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கிறார்கள். அங்கே அரசாங்க முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் 'கேர் கம்பேர்' பக்கத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அரசாங்கச் சோதனையில் என்ன குறை கண்டார்கள், ஒரு நாளில் ஒரு முதியவருக்குத் தாதியின் நேரம் எவ்வளவு கிடைக்கிறது, படுக்கைப் புண், விழுதல் போன்றவை எப்படி இருக்கின்றன என்ற மூன்றையும் வைத்து மதிப்பெண். இங்கிலாந்தில் சிறப்பு, நன்று, மேம்பட வேண்டும், போதாது என்று நான்கு தரம். நம்மிடம் பொதுமக்கள் பார்க்கும்படி அப்படி ஒன்றும் கிடையாது. கூகுளில் இருக்கும் நட்சத்திரமோ, இல்லக்காரரின் மச்சான் போட்டதாகவும் இருக்கலாம்.

ஆனால் அவர்கள் எதை அளக்கிறார்கள் என்பதை நாம் கடன் வாங்கலாம். அமெரிக்கக் கணக்கில் வார இறுதியில் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள், ஓராண்டில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்பதும் சேர்கிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். "நீங்க இங்கே வேலைக்கு வந்து எவ்வளவு நாளாச்சு?" என்று பராமரிப்பாளர்கள் ஒவ்வொருவரையும் பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். எல்லாரும் இரண்டு மாதம், மூன்று மாதம் என்றால் அந்த இடத்தில் யாரும் தங்குவதில்லை என்று பொருள். உங்கள் அப்பா எந்தப் பக்கம் சாய்ந்தால் சாப்பாடு இறங்கும் என்று தெரிந்த ஆள் அங்கே இருக்கவே மாட்டார்.

எத்தனை பணியாளர்கள் இருந்தால் போதும்?

"இருபது பேருக்கு ஆறு ஸ்டாஃப்" என்பார் உரிமையாளர். அந்த ஆறில் சமையல்காரர் ஒருவர், டிரைவர் ஒருவர், கணக்கு எழுதும் உரிமையாளரின் மனைவி ஒருவர். மிச்சம் மூன்று. அந்த மூவரும் பகலிலும் இரவிலும் மாறி மாறி. எனவே மொத்த எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். "ராத்திரி பத்து மணிக்குப் பிறகு விழித்திருப்பவர் யார், எத்தனை பேர்?" என்று கேளுங்கள். இல்லத்தை எடைபோட எனக்கு ஒரே ஒரு கேள்விதான் அனுமதி என்றால் நான் கேட்பது இதைத்தான்.

காரணம் சொல்கிறேன். இருபது பேரில் எட்டுப் பேர் படுத்த படுக்கை என்று வையுங்கள். அவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது வழக்கம், இல்லையென்றால் புண் வரும். புரட்டி, பாம்பர்ஸ் பார்த்து, நனைந்திருந்தால் துடைத்து மாற்றி, தலையணை முட்டுக் கொடுக்க ஒருவருக்கு எவ்வளவு வேகமாகச் செய்தாலும் பத்து நிமிடம். எட்டுப் பேருக்கு எண்பது நிமிடம். நூற்று இருபது நிமிடத்தில் எண்பது போனால் மிச்சம் நாற்பது. அதற்குள் மற்ற பன்னிரண்டு பேரில் ஒருவர் கக்கூசுக்குக் கூப்பிடுவார், ஒருவர் தூக்கம் வராமல் நடப்பார், ஒருவர் பழைய தோட்ட நினைவில் "பால் வெட்டப் போகணும், நேரமாச்சு" என்று சட்டையைத் தேடுவார். கனத்த உடம்பைத் தனியாகப் புரட்டவும் முடியாது. இதை ஒரே ஆள், அதுவும் காலையிலிருந்து வேலை செய்த ஆள், செய்வதாகச் சொன்னால் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். புரட்டும் நேரத்தைக் குறிக்கும் தாளைக் காட்டச் சொல்லுங்கள். பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு என்று ஒரே பேனாவில், ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதியிருந்தால் அது காலையில் உட்கார்ந்து நிரப்பிய தாள்.

தாதி இருப்பதாகச் சொன்னால் மலேசியத் தாதியர் வாரியத்தின் இந்த ஆண்டுத் தொழில் சான்றிதழைப் பார்க்கக் கேளுங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது அது. வெள்ளைச் சட்டை போட்டவரெல்லாம் தாதி இல்லை. அதே நேரத்தில், பட்டம் இல்லாமல் பத்து வருடம் கைப்பழக்கத்தில் அருமையாகப் பார்த்துக்கொள்ளும் பெண்களும் உண்டு. அவர்களைப் பராமரிப்பாளர் என்றே சொல்லட்டும், தாதி என்று சொல்லி உங்களிடம் தாதிக் கட்டணம் வாங்க வேண்டாம்.

வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வெளிநாட்டார். அம்மாவுக்குத் தமிழ்தான் வரும்.

தோட்டத்தில் இருந்தவர்களுக்குச் சந்தை மலாய் கொஞ்சம் வரும், இந்தோனேசியப் பெண்களோடு சமாளித்துவிடுவார்கள். ஆனால் மறதி நோய் முற்றும்போது பெரும்பாலும் பின்னால் கற்ற மொழிதான் முதலில் போகும். அப்போது "வலிக்குது" என்று சொன்னால் புரிந்துகொள்ள ஆள் வேண்டும். ஒரு வேளைக்காவது தமிழ் பேசும் ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் ஓர் அட்டையில் வலி, தண்ணீர், ஒன்றுக்கு, குளிர், மூச்சு முட்டுது என்று அம்மா சொல்லும் சொற்களை மலாய் எழுத்தில் ஒலிப்படி எழுதி, பக்கத்தில் சாக்கிட், ஆயர் என்று மலாய்ப் பொருளும் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள். செலவில்லாத வேலை, பயன் பெரியது.

ஊழியர்களுக்கு முறையான பெர்மிட் இருக்கிறதா என்றும் கேட்கலாம். குடிநுழைவுத் துறை சோதனைக்கு வந்தால் ஒரே ராத்திரியில் இல்லத்தில் ஆளே இல்லாமல் போகும்.

முதல் முறை போகும்போது எதைப் பார்ப்பது?

வரவேற்பறையை விடுங்கள். மாலை ஐந்து, ஐந்தரைக்கு, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போங்கள். ஊட்டிவிடுகிறவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றபடி அடுத்தடுத்து மூன்று வாயில் ஒரே கரண்டியா? படுத்திருப்பவருக்குத் தலைமாட்டை உயர்த்தாமல் பால் விடுகிறார்களா? குறைந்தது முப்பது பாகையாவது உயர்த்தி, விட்ட பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும், புரையேறாமல் இருக்க.

அப்புறம் படுக்கையில் இருக்கும் ஒரு பாட்டியின் பக்கத்தில் போய் வணக்கம் சொல்லிப் பேசுங்கள். பேசும்போதே கண்ணில் படுகிறவை: தண்ணீர்க் குவளை கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா, உதடு வறண்டிருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா, விரலிடுக்கில் சொறி இருக்கிறதா. சொறிசிரங்கு ஒருவருக்கு வந்தால் அறை முழுக்கப் பரவும். நாலு பேர் சொறிந்துகொண்டிருந்தால் இல்லம் அதைக் கவனிக்கவில்லை. குதிகால் மெத்தையில் அழுந்திக் கிடக்கிறதா, தலையணை வைத்துத் தூக்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். புண் முதலில் வருவது முதுகின் அடியிலும் குதிகாலிலும்தான்.

மூத்திர வாடை லேசாக ஓரிடத்தில் அடிப்பது பெரிய குற்றமில்லை, இப்போதுதான் மாற்றிக்கொண்டிருப்பார்கள். வீடு முழுக்கப் பழைய வாடை அடிப்பது வேறு. அதைவிட எனக்குச் சந்தேகம் தருவது கண் எரியும் அளவுக்கு டெட்டால் வாடை.

இங்கே யாரும் விழுந்ததே இல்லை என்கிறார் உரிமையாளர். நம்பலாமா?

வேண்டாம். வயதானவர்கள் இருக்கும் இடத்தில் விழுவார்கள். நல்ல இல்லத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும், யார், எத்தனை மணிக்கு, எங்கே விழுந்தார், பிள்ளைக்கு எப்போது போன் செய்தோம், பிறகு என்ன மாற்றினோம் என்று. மற்றவர் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். "போன மாதம் ஓர் ஐயா பாத்ரூமில் வழுக்கிட்டார், அதுக்கப்புறம்தான் இந்தக் கைப்பிடி போட்டோம்" என்று சொல்கிறவரிடம் நான் தைரியமாக விடுவேன். இதே மாதிரி, படுக்கைப் புண்ணோடு இப்போது எத்தனை பேர், அதில் ஆஸ்பத்திரியிலிருந்தே புண்ணோடு வந்தவர் எத்தனை, இங்கே வந்தபின் வந்தது எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். கடைசி எண்தான் முக்கியம்.

விழாமல் இருக்கக் கையை நாற்காலியில் கட்டிவைப்பார்கள் சிலர், துணியால்தான் கட்டினோம் என்பார்கள். கட்டுவது விழுவதைத் தடுப்பதாகச் சொல்ல முடியாது. தசை தளர்ந்து, தோல் உரிந்து, பயந்து, கட்டோடு எழ முயன்று இன்னும் மோசமாக விழுவார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் கட்டக் கூடாது என்று சேர்க்கும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரை கொடுத்து அடக்குவதும் கட்டுவதுபோலத்தான். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சேர்த்த வாரத்திலேயே எந்நேரமும் மயங்கிக் கிடந்தால் மருந்துப் பட்டியலைக் கேளுங்கள்.

தீ விபத்துக்கு என்ன பார்ப்பது?

இரும்புக் கதவும் பூட்டும். நம் ஊர் வரிசை வீடுகளில் முன்னும் பின்னும் கிரில், சன்னலுக்கும் கிரில். யாரும் வெளியே நடந்து போய்விடக் கூடாது என்று ராத்திரி பூட்டுவார்கள், அது புரிகிறது. சாவி எங்கே? வேலை செய்கிறவரின் இடுப்பில் இருந்தால் சரி. உரிமையாளர் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுகிறார் என்றால் அந்த நிமிடமே வெளியே வந்துவிடுங்கள். பின்கதவைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் பாம்பர்ஸ் பெட்டியும் பழைய கட்டிலும் அடைத்திருக்கும். நடக்க முடியாதவர்கள் மாடியில் இருக்கக் கூடாது. ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருக்கிறவருக்கு, மின்சாரம் போனால் சிலிண்டர் தயாரா என்பதும் கேளுங்கள்.

மருந்தும் கிளினிக் நாளும்?

மாத்திரைகள் மருந்தகம் கொடுத்த உறையிலேயே, பெயரோடு இருக்க வேண்டும். பல பேருடைய மாத்திரையைச் சின்னக் கிண்ணங்களில் முன்கூட்டியே கொட்டி வரிசையாக வைத்திருந்தால் ஒருநாள் கிண்ணம் மாறும். இன்சுலின் போடுகிறவர் யார், போட்ட பிறகு அம்மா சாப்பிடவில்லை என்றால் என்ன செய்வார் என்று கேளுங்கள். சர்க்கரை இறங்கினால் இனிப்பு கொடுக்க வேண்டும் என்பதாவது சட்டென்று வர வேண்டும்.

சிறுநீர்க் குழாய் இருந்தால் மாற்றிய தேதி எழுதியிருக்க வேண்டும். ரப்பர் வகை சில வாரம்தான் தாங்கும், சிலிக்கோன் என்றாலும் 12 வாரத்துக்கு மேல் விடக் கூடாது. அப்புறம், சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தாலும் நிபுணரைப் பார்க்க ஈப்போ பைனுன் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார்கள். அங்கே அரை நாள் காத்திருக்க யார் கூடப் போவார், அதற்குத் தனிக் கட்டணமா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

சாப்பாடு?

மாட்டிறைச்சி கிடையாது, வெள்ளிக்கிழமை சைவம் என்றால் சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். நான் பார்ப்பது வேறு: பல் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மூன்று வேளையும் வெள்ளைக் கஞ்சியும் சோயா சாஸும் கொடுக்கிறார்களா என்பது. மீனோ முட்டையோ பருப்போ இல்லாமல் எந்தப் புண்ணும் ஆறாது. மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதுகிறார்களா?

மாதக் கட்டணத்தில் எல்லாம் அடங்குமா?

அரிதாக. பாம்பர்ஸ், பால் மாவு, டியூப், புண் கட்டும் பொருள், போக்குவரத்து எல்லாம் தனியாக வரும். போன மாதம் இதே நிலையில் இருக்கும் ஒருவருக்குப் போட்ட உண்மையான பில்லை, பெயரை மறைத்து, காட்டச் சொல்லுங்கள். முன்பணம் எப்போது திரும்பும், மாதத்தின் நடுவில் இறந்துவிட்டால் மிச்சப் பணம் என்ன ஆகும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். கேட்க நாக்கு கூசும், இருந்தாலும் கேளுங்கள்.

ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். பெற்றோரின் மருத்துவம், பராமரிப்புச் செலவுக்கு வருமான வரியில் ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை கழிவு உண்டு. மருத்துவர் நிலையை உறுதிப்படுத்திய கடிதம் வேண்டும்.

பணமும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை என்றால்?

சமூகநல இலாகா நடத்தும் ருமா ஸ்ரீ கெனாஙான் இல்லங்கள் இருக்கின்றன. பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தானில் ஒன்று உண்டு. 60 வயதுக்கு மேற்பட்ட, வாரிசோ ஆதரவோ இல்லாத, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளக்கூடிய குடிமக்களுக்கு அது. படுத்த நோயாளிகளுக்கு ருமா ஏசான், கோல குபு பாருவிலும் டுங்குனிலும். பிள்ளை இருந்தும் கொண்டுபோய் விட நினைப்பவர்களுக்கு இவை இல்லை.

வீட்டிலேயே பார்ப்பதாக இருந்தால், படுத்த படுக்கையான நோயாளியைப் பராமரிக்கும் ஏழைக் குடும்பத்துக்கு இலாகா மாதந்தோறும் உதவித்தொகை கொடுக்கிறது. மாவட்ட அலுவலகத்தில் மனு செய்யலாம்.

ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது. யாரிடம் போவது?

முதலில் தேதி தெரியும்படி படம் எடுங்கள், காயத்தின் பக்கத்தில் ஐம்பது காசு நாணயம் ஒன்றை வைத்து, அளவு தெரிய. உரிமையாளரிடம் கேட்டு அவர் சொன்ன பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள், வாய்ப்பேச்சாக விடாதீர்கள். பராமரிப்பு நிலையம் என்றால் மாவட்டச் சமூகநல அலுவலகம், நர்சிங் ஹோம் என்றால் மாநிலச் சுகாதார இலாகாவில் தனியார் மருத்துவப் பிரிவு. எந்த நேரமும் அழைக்க அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசே, எண் 15999. அடித்த தழும்பு இருந்தால் நேரே ஆஸ்பத்திரி, பிறகு போலீஸ். "நாம சொன்னா அப்பாவைப் பழிவாங்குவாங்களோ" என்று பயந்து மூன்று மாதம் தள்ளிப்போட்டவர்களை எனக்குத் தெரியும். அப்படிப் பயப்பட வேண்டிய இடம் என்றால் முதலில் அப்பாவை வெளியே எடுங்கள், புகாரைப் பிறகு எழுதலாம்.

வேறு இல்லத்துக்கு மாற்றினால் அம்மா தாங்குவாரா?

சில நாள் குழம்புவார், சாப்பாடு குறையும், ராத்திரி தூங்க மாட்டார். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். மாற்றும் நாளில் பழைய இல்லத்திலிருந்து எழுதி வாங்க வேண்டியவை: மருந்துப் பட்டியல், கடைசியாகக் கொடுத்த வேளை, சிறுநீர்க் குழாயும் டியூபும் மாற்றிய தேதி, கடைசி எடை, அடுத்த கிளினிக் நாள். புறப்படும் முன் பழைய இல்லத்திலும், இறங்கியவுடன் புதிய இல்லத்திலும் முதுகையும் குதிகாலையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புண் எங்கே வந்தது என்று இரண்டு இல்லமும் ஒன்றையொன்று கைகாட்டும்போது அந்தப் படம் தேவைப்படும். வெள்ளிக்கிழமை மாலையில் மாற்றாதீர்கள். வார இறுதியில் ஆள் குறைவு, கிளினிக்கும் மூடியிருக்கும். செவ்வாயோ புதனோ காலையில் மாற்றுங்கள், முதல் இரவு வீட்டில் யாராவது போனை அணைக்காமல் வைத்திருங்கள்.